சீனி வருத்தமும் வயல் சேறும்: ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வேண்டுகோள்

பெரும்போகத்தில் வாடை மழை பிடித்துக்கொண்டால் தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியாப் பக்கங்களிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களின் இரத்தப் போத்தல்கள் எங்கள் மேசையில் கூடிவிடும். கூட வரும் துண்டில் அநேகமாக "காய்ச்சல், 5 நாள்" என்று மட்டும்தான் இருக்கும். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லோரும் முதலில் எலிக்காய்ச்சலை நினைப்பார்கள். அப்படி நினைப்பதும் சரிதான். ஆனால் அதே சேற்றில் இன்னொரு கிருமியும் இருக்கிறது. அது தரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். நம் திருகோணமலை மாவட்டத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட கமக்காரர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கமக்காரரின் தொடைக் கட்டியிலிருந்து எடுத்த சீழ் ஆய்வுக்கு வந்தது. மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டில் குண்டூசி முனையளவு புள்ளிகள். சாயமிட்டுப் பார்த்தால் சிவப்புக் கோல்கள், இரண்டு முனையும் அழுத்தமாகவும் நடு வெளிறியும். பார்த்தவுடன் சூடோமோனஸ் என்ற வேறொரு கிருமி வகை என்றுதான் தோன்றும். தண்ணீரிலோ தோலிலோ இருந்து தவறிக் கலந்தது என்று எழுதித் தட்டை ஒதுக்கிவிடவும் கூடும். என் கையும் அதற்குத்தான் போனது. தடுத்தது, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கத் தட்டில் வைக்கும் மருந்து வில்லைகள். ஜென்டமைசினைச் சுற்றிக் கிருமி தாராளமாக வளர்ந்திருந்தது. கொலிஸ்டினைச் சுற்றியும் அப்படியே. ஆனால் கோ-அமொக்ஸிகிளாவ் வில்லையைச் சுற்றி மட்டும் பெரிய வெற்று வளையம். வழக்கமான சூடோமோனஸ் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

வார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்து இரண்டே கேள்வி கேட்டேன். "ஐயாவுக்குச் சீனி இருக்கா? வயல் செய்யிறவரா?" இரண்டுக்கும் ஓம் என்றார்கள். அன்றைக்கே டொக்டர் மருந்தை மாற்றினார். நாங்கள் தட்டை எறியாமல் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் அந்தப் புள்ளிகள் காய்ந்த பூவிதழ் மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தன. கிருமியைக் கொழும்புக்கு அனுப்பி, மெலியோய்டோசிஸ்தான் என்று உறுதிப்படுத்தினோம். முதல் நாளே எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விடவில்லை.

இது புதிய கிருமியும் இல்லை. 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் இதைக் கண்டுபிடித்து, அடுத்த வருடம் எழுதி வெளியிட்டார்கள். இலங்கையில் முதல் நோயாளி 1927இலேயே பதிவாகியிருக்கிறார். அப்புறம் பல பத்தாண்டுகள் அங்கொன்று இங்கொன்றாகத்தான் பேச்சு. கடந்த இருபது ஆண்டுகளுக்குள் தேடிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, கிழக்கு மாகாணம் உட்படப் பல மாவட்டங்களில் நோயாளிகள் வெளிப்பட்டார்கள். கிருமி அவ்வளவு காலமும் மண்ணில்தான் இருந்தது. நாம்தான் தேடவில்லை.

காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக அது உள்ளே போகும். கடும் மழைக்காற்றில் மூச்சோடும், கொதிக்காத தண்ணீரோடும் போகலாம். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக மிக அரிது, ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்களும் அதிகம் குடிக்கிறவர்களும் அடுத்தபடி. சிலருக்கு நியூமோனியாவாக வரும், சிலருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ கட்டியாக வரும், சிலருக்கு இரத்தத்தில் பரவி ஓரிரு நாளிலேயே உயிர் போகும் நிலை வரும். பல மாதம் இழுபட்டுக் காசநோய் என்று நினைக்கவைப்பதும் உண்டு.

சாதாரணமாகக் கொடுக்கும் பல அன்டிபயோடிக்குகள் இதற்குக் கேட்காது. செப்டாசிடீம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், அதன் பிறகு கோ-ட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது 3 மாதம். இந்த மூன்று மாதம்தான் கஷ்டம். காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, ஆள் மறுபடி வயலுக்குப் போகத் தொடங்கியதும் குளிசை அலுமாரிக்குள் போய்விடும். பிறகு கிருமி திரும்பி வரும். உடம்புக்குள் பல வருடம் ஒளிந்திருந்து பிறகு நோயாக வெளிப்பட்டதாகவும் மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. அவ்வளவு பொறுமையான கிருமி. வீட்டில் உள்ளவர்கள்தான் குளிசையை எண்ணிக் கொடுத்து முடிக்கவைக்க வேண்டும்.

சீனி உள்ளவர்கள் சேற்றில் இறங்கினால் பூட்ஸ் போடுங்கள். உழவு நேரத்தில் பூட்ஸ் சேற்றில் புதையும், நடக்கவே முடியாது என்று சொல்கிறார்கள். உண்மைதான். அப்படியென்றால் காலில் காயம் ஆறும்வரையாவது வேறு ஒருவரை இறக்குங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

காய்ச்சல் வந்தால் பார்மசியில் இரண்டு அன்டிபயோடிக் வாங்கிப் போட்டுவிட்டு ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வராதீர்கள். மருந்து ஏறிய இரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம், எங்கள் தட்டும் வெறுமையாகவே இருக்கும். மருந்து தொடங்காதபோதுகூட ஒரு தடவைக் கல்ச்சரில் (தட்டில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எல்லா நோயாளிகளிடமும் இது பிடிபடுவதில்லை. அதனால் டொக்டர் இரத்தம், சலம், சளி, சீழ் என்று திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் கொடுங்கள். ஊசி ஏற்றுவதற்கு முன் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தாயிற்றா என்று தாதியிடம் கேட்பதில் தவறே இல்லை.

டொக்டரிடம் இன்னும் ஒன்று சொல்லுங்கள்: "நான் வயல் செய்யிறவன், எனக்குச் சீனி இருக்கு." அதைத் துண்டிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டு விஷயமும் துண்டில் இருந்தால் மறுநாள் தட்டை நாங்கள் எறியமாட்டோம், ஏழு நாள் வைத்துப் பார்ப்போம்.