ஆண்டவரிடம் கோபப்படலாமா?

காரைக்குடியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து வரும் கிறிஸ்தவர்களில் பலர் தூக்கமில்லை, படபடப்பு என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முன்ன மாதிரி ஜெபிக்க முடியலை மேடம். விசுவாசம் குறைஞ்சுபோச்சோ?" என்பார்கள். தூக்கமின்மையைவிட இந்தக் குற்றவுணர்ச்சிதான் அவர்களை அதிகம் அரிக்கிறது.

மனச்சோர்வில் எதிலுமே மனம் ஒட்டாது, ஜெபத்திலும்தான். அது நோயின் குணம். அதைப் பாவமாக எடுத்துக்கொண்டு, இன்னும் அதிகாலையில் எழுந்து, இன்னும் நீட்டி ஜெபித்து, இருக்கிற தூக்கத்தையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

நீளத்தை இயேசு கேட்கவே இல்லை. மத்தேயு சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்தில், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பிதாவிடம் பேசச் சொல்கிறார். சரி, பூட்டிக்கொள்ள அறை வேண்டுமே? முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று செட்டிநாட்டு வீடு தெருவிலிருந்து தெருவுக்கு நீளும். அதைக் காவல் பார்க்கும் குடும்பத்துக்கோ பின்கட்டில் ஒரே அறை. மாமியார், பிள்ளைகள் எல்லாரும் அதில்தான். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு, பிள்ளை வரம் கேட்டு ஆலயத்தில் அழுது ஜெபித்த வேதாகமத்து அன்னாளை நினைவுபடுத்தினேன். அன்னாளின் உதடு மட்டும்தான் அசைந்தது. ஆசாரியன் ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். பாத்திரம் விளக்கும்போதுகூட அப்படிப் பேசலாமே!

என்ன பேசுவது என்பதில்தான் பயம் அதிகம். "ஆண்டவர்கிட்ட கோபப்பட்டா குத்தமாயிடாதா?" என்று கேட்பார்கள். வேதாகமத்தின் ஜெபப் பாடல்களில் ஒன்றான சங்கீதம் 13 "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் புகழ்ச்சியோ ஆறுதலோ இல்லாமல், இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், இந்தத் துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்று இயேசு ஒரே வேண்டுதலை மூன்று தடவை வைத்தார், அது நீங்கவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று அடுத்தவருக்குத் தீர்ப்பு சொல்கிறவர்கள் இந்த இடத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. ஜெபக் கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாளே மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக்கொடுத்த டாக்டர் வேலை. நானும் செய்யக்கூடாது, ஜெபித்தவரும் செய்யக்கூடாது. தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாட்டோடு உபவாசம்) இருக்கும் சர்க்கரை நோயாளிகளும் இன்சுலின் அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

'போதும், என்னை எடுத்துக்கொள்ளும்' என்று எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் ஆண்டவர் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

உங்கள் வீட்டில் யாராவது எலியாவைப்போல் சாவைக் கேட்டு ஜெபித்தால், அதை பக்தி என்று விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.