நிமிர்ந்தால் மூச்சு முட்டுகிறதா? இதயத்துக்குள் தொங்கும் கட்டியின் கதை

தாதர் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கினால் மும்பையில் யாரும் இதயக் கட்டியை நினைக்க மாட்டார்கள். எடை, ரத்தசோகை என்று காரணம் தேடுவார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இதயத்திலேயே உருவாகும் கட்டிகள் அவ்வளவு அபூர்வம்.

பெரியவர்களுக்கு வரும் அப்படிப்பட்ட கட்டிகளில் அதிகம் காணப்படுவது மிக்சோமா. புற்றுநோய் கிடையாது, ஆனால் உட்கார்ந்திருக்கும் இடம் மோசம். நாலில் மூன்று இடது மேலறையில்தான் வளர்கின்றன, அதுவும் இரண்டு மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் ஒரு காம்பு விட்டு, கோயில் மணியின் நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டு. கீழே இருப்பது மைட்ரல் வால்வு, இடது மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் போகும் வாசல். ஒவ்வொரு துடிப்பிலும் கட்டி அந்த வாசலை நோக்கி இறங்குகிறது, கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அடைத்தும் விடுகிறது. ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கி மூச்சுத் திணறும், மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து திடீர் மயக்கம் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த நிலையில் தொந்தரவு வருகிறது என்பது. சாதாரண இதயச் செயலிழப்பில் படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தேவலை. மிக்சோமாவில் சிலருக்கு இது தலைகீழ்: நிமிர்ந்தால் கட்டி வால்வுக்குள் சரிகிறது, படுத்தால் விலகுகிறது. இன்னும் சிலருக்கு ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்கும்போதுதான் பிரச்சினையே. டாக்டர் கேட்காவிட்டாலும் இதை நாமே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், இதயத்தோடு சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் அறிகுறிகள். கட்டியின் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளைச் சுரப்பதால் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, எடைக் குறைவு எல்லாம் வரலாம், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவும் ஏறும். தாராவியோ செம்பூரோ, நீண்ட நாள் காய்ச்சலும் மெலிவும் என்றால் முதலில் டி.பி. டெஸ்ட்தான் எழுதுவார்கள். இங்கே அதுதான் நியாயமும்கூட. அதில் ஒன்றும் கிடைக்காமல் மூச்சு வாங்கலும் சேர்ந்திருந்தால் ஒரு எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதுதான் எனக்குப் பயமானது. கட்டி கொழகொழவென்று இருப்பதால் துணுக்குகள் உடைந்து ரத்தத்தோடு போகும். மூளைக்குப் போனால் பக்கவாதம். பிபி, சர்க்கரை எதுவும் இல்லாத இளம் வயதுக்காரருக்குப் பக்கவாதம் வந்தால் டாக்டர்கள் இதயத்தையும் பரிசோதிப்பது இதனால்தான்.

ஸ்டெதாஸ்கோப் ஏமாற்றலாம். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்குக் கேட்கும் சத்தம் போலவே இதுவும் கேட்கும். எக்கோவில் கட்டி ஆடுவது திரையிலேயே தெரியும். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. கண்டுபிடித்துவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போட மாட்டார்கள், ஏனென்றால் துணுக்கு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1954இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்ற அறுவை மருத்துவர் இந்தக் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றினார். இன்று காம்பு ஒட்டியிருந்த சுவரையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டியெடுக்கிறார்கள், காய்ச்சலும் பெரும்பாலும் அதோடு போய்விடும். மறுபடி வளர்வது அரிது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தால் மட்டும் அந்த வாய்ப்பு கூடுதல், அவர்கள் வீட்டில் மற்றவர்களும் எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும்.