அடிக்கல்லை உருவாதீர்கள்: பழைய லைப்ரரி பதிப்புகளை விலக்கும் முறை

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் நிலங்கள் படிப்படியாக ஏறிப்போகும். படிக்குப் படி கல்லடுக்குதான் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. கீழ்ப்படிக்காரர் தன் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பழைய கல் ஒன்றை உருவிப் போட்டால், அவர் நிலத்துக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மழையில் மேல் படி இறங்கி வரும்.

மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புதான் லைப்ரரி. அதன் பழைய பதிப்பை நீக்குகிறவருக்கும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அவர் கணினியில் கேஷ் (முன்பு இறக்கியதன் நகல்) இருக்கிறது, எல்லாம் ஓடும். உடைவது அவருக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவரின் பில்ட், அதாவது நிரலைக் கட்டி எழுப்பும் வேலை. அதுவும் உடனே உடையாது. புதிய சர்வர் ஏற்றும்போது, தானாக பில்ட் செய்யும் சிஐ இயந்திரத்தின் கேஷ் காலியாகும்போது, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் தன் லேப்டாப்பில் முதல்முறை நிறுவும்போது உடையும்.

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் மென்பொருள் செய்து தரும் இரண்டு மூன்று பேர் குழுக்கள் இதைப் பெரிய கம்பெனிகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுவது உண்டு. ஆனால் பாமினி எழுத்தை யூனிகோடாக மாற்றுவது, ரூபாய்த் தொகையைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருவது, எடை மெஷினின் சீரியல் போர்ட்டைப் படிப்பது போன்ற சின்ன லைப்ரரிகளை எழுதிப் பொதுவில் ஏற்றுகிறவர்கள் இப்படிப்பட்ட குழுக்கள்தான். கோடு சின்னது என்பதால் அதை நம்பி யாரும் இல்லை என்று ஆகிவிடாது. 2016 மார்ச் 22 அன்று, ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து எழுதியவரே விலக்கிய 'லெஃப்ட்-பேட்' வெறும் 11 வரி. அதைத் தூக்கியதும் பாபெல் போன்ற கருவிகளை உலகம் முழுக்கச் சில மணி நேரம் நிறுவ முடியாமல் போனது.

குழப்பத்தில் பாதி, சொற்களில் இருக்கிறது. பதிப்பை விலக்குவதைக் குறிக்கும் 'யாங்க்' என்ற ஒரே சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் வேறு. ரஸ்ட்டின் கார்கோவில் யாங்க் செய்தால் கோப்பு அங்கேயேதான் இருக்கும். ஏற்கெனவே லாக் ஃபைலில் (திட்டம் பயன்படுத்தும் பதிப்புகளைக் குறித்து வைக்கும் கோப்பு) அந்தப் பதிப்பை எழுதி வைத்தவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும், புதிதாகத் தேர்ந்தெடுக்கும் திட்டங்களுக்கு மட்டும் வராது. தவறிச் செய்துவிட்டால் 'அன்டூ' என்று திருப்பவும் வழி உண்டு. பைத்தானின் பைபிஐயிலும் ஏறக்குறைய இதே கதைதான்: இரட்டைச் சமக்குறி (==) போட்டு அதே பதிப்பைக் கேட்டவருக்கு, யாங்க் செய்த காரணத்தை எச்சரிக்கையாகக் காட்டிவிட்டு பிப் என்ற நிறுவும் கருவி நிறுவிக் கொடுக்கும். ரூபி மொழியின் ரூபிஜெம்ஸில் அதே சொல் உண்மையான நீக்கம். லாக் ஃபைலில் எழுதியிருந்தாலும் கிடைக்காது.

கோ மொழியில் 'ரிட்ராக்ட்' என்ற வரியை கோ.மோட் கோப்பில் எழுதி, அதற்காகவே ஒரு புதிய பதிப்பை வெளியிட வேண்டும் (1.16 முதல் இந்த வசதி உண்டு). ஜாவாவின் மேவன் சென்ட்ரலில் ஏற்றியது ஏற்றியதுதான், நீக்கும் பேச்சே கிடையாது. 2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய ஓட்டை உள்ள லாக்4ஜே லைப்ரரியின் பதிப்புகள்கூட இன்றும் அங்கே இருக்கின்றன. அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். பழைய பில்டைத் திரும்ப எழுப்பினால்தானே எங்கே ஓட்டை இருந்தது என்று பார்க்க முடியும்?

ரூபிஜெம்ஸின் கடுமை என்ன செய்யும் என்பதற்கு 2021 மார்ச் மாதத்து 'மைம்மேஜிக்' நல்ல பாடம். கோப்பின் வகையைக் கண்டுபிடிக்கும் அந்த ஜெம் (ரூபி லைப்ரரி), கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தில் வெளியாகியிருந்தது. உள்ளே இருந்த தரவுக் கோப்போ, சேர்த்து வெளியிடும் நிரலின் மூலக்கோட்டையும் திறந்து தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. தவறு சுட்டிக்காட்டப்பட்டதும், அதைப் பராமரித்தவர் உரிமத்தை ஜிபிஎல் என்று மாற்றிப் புதிய பதிப்புகளை வெளியிட்டு, பழையவற்றை யாங்க் செய்தார். எண்ணம் நேர்மையானது. ஆனால் வலைச் செயலிகளுக்கான ரெயில்ஸ் தொகுப்புக்குள் இருக்கும் ஆக்டிவ் ஸ்டோரேஜ், 'மார்செல்' என்ற ஜெம்மை நம்பியிருந்தது. மார்செல், மைம்மேஜிக்கை நம்பியிருந்தது. இரண்டு படி கீழே ஒரு கல் போனதும், கேஷ் இல்லாத இடத்திலெல்லாம் ரெயில்ஸ் திட்டங்களின் நிறுவல் நின்றது. கிடைத்த புதிய பதிப்புக்கு மாறினாலோ ஜிபிஎல் உரிமம் தலையில் ஏறும். பிறகு அந்தத் தரவுக் கோப்பை உள்ளே வைக்காத 0.3 வரிசைப் பதிப்பு ஒன்று எம்ஐடி உரிமத்தில் வந்தது. ரெயில்ஸும் மைம்மேஜிக்கையே கைகழுவிவிட்டுப் புதிய வெளியீடுகளைத் தந்தது.

இதில் பிழை, வரிசையில்தான். மாற்றுப் பதிப்பு முதலில், விலக்குவது பிறகு. அந்த மாற்றும் அதே பழைய வரிசையில் வர வேண்டும். 1.4.7-இல் ஓட்டை என்றால் திருத்தம் 1.4.8 ஆக வரட்டும். 'இதுவோ, இதற்குப் பிந்திய பொருந்தும் பதிப்போ' என்று பொருள்படும் கேரட் குறி (^) போட்டு 1.4.2 என்று எழுதி வைத்தவருக்கு 1.4.8 தானாகவே போய்ச் சேரும். (இந்தக் குறியைச் சொல்லும்போதெல்லாம் கேத்தி கேரட்தான் ஞாபகத்துக்கு வருகிறது, பழகிவிட்டது.) திருத்தத்தை 2.0-இல் மட்டும் தந்தால் அந்தக் குறி முதல் எண்ணைத் தாண்டாது, அவர் ஓட்டையிலேயே இருப்பார். பூஜ்யத்தில் தொடங்கும் பதிப்புகளில் இன்னும் கெடுபிடி: 0.3 என்று கேட்டால் 0.4-க்குக்கூடப் போகாது.

காரணத்தைப் பொறுத்துத்தான் செயல். பழசாகிவிட்டது, பட்டியல் நீளமாக இருக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பவை விலக்கக் காரணமே ஆகாது. பாதுகாப்பு ஓட்டை என்றால் திருத்தம் வெளியிட்டு, யாங்க் அல்லது என்பிஎம்மின் 'டிப்ரிகேட்' போதும். டிப்ரிகேட் எதையும் உடைக்காது, நிறுவும்போது நீங்கள் எழுதிய வரியைக் காட்டும். அந்த வரியில் எந்தப் பதிப்புக்குப் போக வேண்டும், எது மாறியிருக்கிறது என்று எழுதுங்கள். 'இனி ஆதரவு இல்லை' என்று மட்டும் எழுதினால் படித்தவர் என்ன செய்வார்?

ஏபிஐ சாவியோ கடவுச்சொல்லோ பேக்கேஜுக்குள் போய்விட்டதென்றால்தான் உண்மையான நீக்கத்துக்கு வேலை. அப்போதும் முதலில் சாவியை மாற்றுங்கள். ஏற்றிய சில நிமிடங்களிலேயே மிரர் எனப்படும் நகல் கிடங்குகளும், சாவி தேடித் திரியும் ரோபோ நிரல்களும் அதை எடுத்துப் போயிருக்கக்கூடும். நீக்கிய எண்ணில் திருத்திய கோப்பை மறுபடி ஏற்றலாம் என்ற கணக்கு வேண்டாம்: என்பிஎம் ஒருமுறை பயன்படுத்திய எண்ணை மீண்டும் தராது, பைபிஐ அதே பெயருள்ள கோப்பை ஏற்காது. மொத்தத் திட்டத்தையும் நீக்குவது இன்னும் மோசம். பைபிஐயில் அப்படி விடுபட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம், அவர் ஏற்றும் கோடு உங்கள் பழைய பயனர்களின் கணினியில் போய் ஓடும்.

என்பிஎம் தன் பங்குக்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. வெளியிட்டு 72 மணி நேரத்துக்குள், வேறு எந்தப் பேக்கேஜும் நம்பியிருக்காவிட்டால் நீக்கலாம். அதற்குப் பிறகு என்றால், நம்பியிருப்பவர் யாரும் இருக்கக் கூடாது, கடந்த ஒரு வாரத்தில் 300-க்கும் குறைவான பதிவிறக்கம் இருக்க வேண்டும், உரிமையாளர் ஒருவராக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் வழி.

இந்தப் பதிவிறக்க எண்ணிக்கையை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். என்பிஎம் பக்கத்தில் பதிப்புவாரியாகக் கடந்த 7 நாள் கணக்கு கிடைக்கும். அதில் பெரும்பகுதி சிஐ இயந்திரங்கள் திரும்பத் திரும்ப இழுப்பது. மறுபக்கம், பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் உள்ள கணினி, லைப்ரரியை ஒரே ஒருமுறை இழுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓடும். எண்ணிக்கையில் அது பூஜ்யம். அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போகும் நாளில்தான் நீங்கள் நீக்கியது தெரியவரும்.

'புதுசுக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே' என்பது எளிதாக வரும் பதில். மாறுவதில் என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: பைத்தான் 2-இல் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 3 வரும். பைத்தான் 3-இல் அதே கட்டளைக்கு 2 வரும். சரிபாதியாக நிற்கும் எண்ணை அது இரட்டைப்படை எண் பக்கம் தள்ளும். பச்சைத் தேயிலை எடையில் ஈரத்துக்குக் கழித்த பிறகு மிஞ்சும் அரை கிலோவை முழுதாக்கும் வரி ஒன்று நிரலில் இருந்தால், விவசாயியின் கணக்கே மாறிவிடும். பதிப்பு மாற்றம் என்பது பழைய ரசீதுகளை வைத்துச் சரிபார்த்துச் செய்கிற வேலை. அதற்கு அவகாசம் தாருங்கள். குறிப்பாக ஏப்ரல், மே சீசனில் விடுதி முன்பதிவு மென்பொருள்களின் அடியில் கை வைக்காதீர்கள்.

சொந்த ரெஜிஸ்ட்ரி (பேக்கேஜ் கிடங்கு) வைத்திருக்கும் அலுவலகங்களில் குற்றவாளி பெரும்பாலும் மனிதர் இல்லை, துப்புரவு விதி. நெக்ஸஸ் போன்றவற்றில் '90 நாளாக யாரும் பதிவிறக்காததை அழி' என்று யாரோ டிஸ்க் நிறைந்த நாளில் போட்டு வைத்திருப்பார். வெளியிடும் முன் கட்டிப் பார்க்கும் ஸ்னாப்ஷாட்டுகளுக்கு அந்த விதி சரி. வெளியீட்டுப் பதிப்புகளுக்கும் டாக்கர் இமேஜ்களுக்கும் அது கண்ணிவெடி. கிட்டில் ஒரு கமிட்டுக்கு (சேமித்த மாற்றத்துக்கு) ஒட்டும் பெயர்ச்சீட்டான டேகுகளும் அப்படித்தான். கோ திட்டங்களுக்கும், பிஎச்பியின் கம்போசர் திட்டங்களுக்கும் டேக்தான் பதிப்பு. டேகை அழித்தால் கம்போசரில் அந்தப் பதிப்பே மறையும். அதே டேகை வேறு கமிட்டுக்கு நகர்த்தினால் கோவின் செக்சம் (உள்ளடக்கத்தின் கைரேகை) பொருந்தாமல் நிறுவல் மறுக்கப்படும்.

இனி, மேல் படிக்காரர், அதாவது லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர், செய்ய வேண்டியது. லாக் ஃபைல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது தொழிற்சாலையில் தேயிலை போட்டதற்குக் கொடுக்கும் சீட்டு மாதிரி: எந்த நாள், எத்தனை கிலோ என்று இருக்கும், இலை அதில் இருக்காது. பேக்கேஜின் முகவரியும் கைரேகையான ஹேஷும்தான் அதில் உண்டு. சரக்கைத் தனியாகச் சேமிக்க வேண்டும். கோவுக்கு 'கோ மோட் வெண்டர்', ரஸ்ட்டுக்கு 'கார்கோ வெண்டர்', நோடுக்கு வெர்டாச்சியோ என்ற சிறிய ரெஜிஸ்ட்ரியை அலுவலகக் கணினி ஒன்றில் ஓடவிடுவது.

பைத்தானில் 'பிப் டவுன்லோட்' செய்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். விண்டோஸ் லேப்டாப்பில் இறக்கிய வீல் கோப்பு (நிறுவத் தயாராகக் கட்டிய பேக்கேஜ்) லினக்ஸ் சர்வரில் ஏறாமல் போகலாம், சாதாரண லினக்ஸுக்கு இறக்கியது ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஏறாமல் போகலாம். எங்கே ஓடப்போகிறதோ அதே வகைக் கணினியில், அதே பைத்தான் பதிப்பில் இறக்குங்கள். இரண்டாவது, சில பேக்கேஜ்கள் மூலக்கோடாக மட்டும் வரும். அவற்றை நிறுவும்போது பிப், செட்அப்டூல்ஸைத் தேடி மறுபடி இணையத்துக்கு ஓடும், இணையம் இல்லாவிட்டால் நிற்கும். அதனால் 'பிப் வீல்' கட்டளையால் எல்லாவற்றையும் முன்கூட்டியே வீலாக்கி ஒரு கோப்புறையில் போடுங்கள். நிறுவும்போது 'நோ-இன்டெக்ஸ்', 'ஃபைன்ட்-லிங்க்ஸ்' என்ற இரண்டு விருப்பங்களோடு அந்தக் கோப்புறையைக் காட்டினால் பிப் வெளியே எட்டிப் பார்க்காது.

சேமித்தது முழுதா என்று அறிய, புதிய கன்டெய்னர் (தனித்த வெற்றுச் சூழல்) ஒன்றில், கேஷ் எதுவும் இல்லாமல், இணைய வயரைப் பிடுங்கிவிட்டு பில்ட் செய்து பாருங்கள். அக்டோபர் தொடங்கி வடகிழக்கு மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து ஃபைபர் அறுந்தால் எப்படியும் இந்தச் சோதனை நடக்கத்தான் போகிறது. செப்டம்பரிலேயே ஒரு வெயில் நாளில் முடித்துவிடலாம்.