மெல்லிய லேப்டாப் எவ்வளவு நேரம் தம் பிடிக்கும்?

லேப்டாப் வாங்கப் போகிறவர்களில் பலர் அதன் மூளையான பிராசசர் சிப்பின் பெயரைப் பார்த்துத்தான் வேகத்தைக் கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்துப் பாதிதான் தெரியும். 2022-இல் வந்த இன்டெல் கோர் ஐ7-1260பி சிப்பை எடுத்துக்கொள்வோம். இன்டெல் வெளியிட்ட விவரக் குறிப்பில் அதற்கு இரண்டு மின்திறன் எண்கள் இருக்கின்றன: 28 வாட், 64 வாட். தொடர்ந்து ஓடும்போது 28, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தம் பிடித்து ஓடும்போது 64. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதை லேப்டாப் தயாரிக்கும் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. 28 என்ற எண்ணையும் 20 வரை இறக்கிக்கொள்ளலாம். அதனால் ஒரு கிலோ எடையுள்ள மெல்லிய லேப்டாப்பில் ஒரு மாதிரியும், நல்ல தடிமனான இன்னொன்றில் வேறு மாதிரியும் அதே சிப் ஓடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சூடு. சிப்புக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 30 வாட் உள்ளே போனால் 30 வாட் வெப்பம். அதை வெளியேற்ற வழி இல்லாவிட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். மெல்லிய லேப்டாப்களில் இந்த எல்லைக்கு முன்பே இன்னொரு எல்லை குறுக்கே வரும். அது நம் தோல். உலோகப் பரப்பு 45 டிகிரியைத் தாண்டினால் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் பல லேப்டாப்கள் வெளிப்புறச் சூட்டையும் கண்காணிக்கின்றன. சிப் இன்னும் தாங்கும் என்ற நிலையிலும், லேப்டாப்பின் உடல் சூடாகிவிட்டால் வேகத்தை இறக்கிவிடும். இது தேவையான கட்டுப்பாடுதான். லேப்டாப்பைத் தினமும் மணிக்கணக்கில் மடியிலேயே வைத்திருந்தவர்களின் தொடையில் வலை போட்டது போல் தோல் நிறம் மாறியதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

விசிறியே இல்லாத லேப்டாப் எத்தனை வாட் தாங்கும்? இதை ஒரு தாளில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 30 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம் என்றால் ஒரு பக்கத்தின் பரப்பு 0.063 சதுர மீட்டர். அசையாத காற்றில் இருக்கும் சூடான பரப்பு, காற்று வழியாகவும் கதிர்வீச்சாகவும் சேர்த்து, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் வெப்பத்தை விடுகிறது. அறை 28 டிகிரி, லேப்டாப்பின் உடல் 43 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 15 டிகிரி. 0.063-ஐ 10-ஆலும் 15-ஆலும் பெருக்கினால் மேல்பக்கம் வழியாக ஏறக்குறைய ஒன்பதரை வாட் போகிறது. அடிப்பக்கம் மேஜையை ஒட்டிக் கிடப்பதால் அதன் பங்கு குறைவு. எல்லாம் சேர்த்து 10 முதல் 15 வாட் தேறும். ரேம், எஸ்எஸ்டி, வைஃபை எல்லாம் உண்டாக்கும் சூடும் இதற்குள்தான் அடங்க வேண்டும். கணக்கில் தடிமன் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விசிறி இல்லையென்றால் பரப்பளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தடிமனைக் கூட்டினாலும் பெரிய லாபம் இல்லை.

சரி, அப்படியானால் அதே லேப்டாப் முதல் நிமிடத்தில் மட்டும் எப்படி 30 வாட்டில் பறக்கிறது? உலோகம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வதால்தான். ஒரு கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 900 ஜூல் தேவை. உடலில் அரைக் கிலோ அலுமினியம் இருந்தால் டிகிரிக்கு 450 ஜூல். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். உள்ளே 30 வாட் உற்பத்தியாகி 10 வாட் வெளியேறினால், மிச்சமுள்ள 20 ஜூல் ஒவ்வொரு நொடியும் உலோகத்தில் சேர்கிறது. உடல் 10 டிகிரி சூடேற 4,500 ஜூல் வேண்டும். 20-ஆல் வகுத்தால் 225 நொடி, அதாவது நாலு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இது தோராயமான கணக்குதான். சூடு உடல் முழுக்கச் சமமாகப் பரவாது, சிப்புக்கு நேர் மேலே உள்ள இடம் முதலில் சுடும். ஆனாலும் நொடிகளா, நிமிடங்களா, மணிகளா என்று கேட்டால் பதில் நிமிடங்கள்தான்.

நம் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை அந்த நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஓர் இணையப் பக்கம் திறப்பது சில நொடி வேலை. பெரிய எக்செல் கோப்பைத் திறப்பதும், ஒரு போட்டோவைத் திருத்திச் சேமிப்பதும் அப்படித்தான். சிப் ஒரு துள்ளு துள்ளி வேலையை முடித்துவிட்டு ஓய்ந்துவிடும், உலோகம் வாங்கிய சூடும் மெல்ல இறங்கும். இந்த மாதிரி வேலைகளில் மெல்லியதற்கும் தடிமனானதற்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. மெல்லிய லேப்டாப்பின் குறை வேகத்தில் இல்லை, தம்மில் இருக்கிறது.

2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப்பை அறிமுகம் செய்தபோது, இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான ஒரு ஜோடி நமக்குக் கிடைத்தது. விசிறி இல்லாத மேக்புக் ஏர், விசிறி உள்ள 13 அங்குல மேக்புக் ப்ரோ, இரண்டிலும் அதே எம்1. விலை குறைந்த ஏர் மாடலில் ஒரு கிராஃபிக்ஸ் கோர் மட்டும் குறைவு. குறுகிய சோதனைகளில் இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. நீண்ட வீடியோ ஒன்றை வேறு வடிவக் கோப்பாக மாற்றவிட்டால், சில நிமிடங்கள் வரை இரண்டும் சேர்ந்தே ஓடும். அதற்குப் பிறகு ஏர் மெல்லப் பின்தங்கும், ப்ரோ அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். மிச்ச எல்லாம் ஒன்றாக இருக்க, ஒரு விசிறி என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தப் பின்தங்கல் பலர் பயப்படும் அளவுக்கு இருப்பதில்லை. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு சிப் வேலை செய்யச் செலவழிக்கும் மின்திறன், அதன் கடிகார வேகத்தோடும் (கிகாஹெர்ட்ஸில் சொல்லப்படும் எண்) மின்னழுத்தத்தின் இருமடியோடும் (வர்க்கத்தோடும்) சேர்ந்து உயர்கிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் உயர் வேகங்களில் செலவு கிட்டத்தட்ட வேகத்தின் மும்மடியாக ஏறும். இதைத் திருப்பிப் பாருங்கள். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் 20 சதவீதம் குறைத்தால், 0.8-ஐ மூன்று தடவை பெருக்கினால் கிடைக்கும் 0.51 அளவுக்குச் செலவு இறங்குகிறது. வாட் பாதியாகிவிட்டது, வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. மறுபக்கம், இரண்டு மடங்கு வாட் தாங்கும் தடிமனான லேப்டாப்பைச் சுமந்தால் அதே சிப்பிலிருந்து சுமார் 26 சதவீத வேகம்தான் கூடுதலாகக் கிடைக்கும். நிஜச் சிப்புகள் இந்தச் சூத்திரத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்றுவதில்லை என்றாலும் போக்கு இதுதான்.

ஒரு காலத்தில் இந்தச் சங்கடமே இல்லை. சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய மின் சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், எனவே சூடு கூடாமலே வேகம் கூடும் என்று ராபர்ட் டென்னார்டும் சக ஆய்வாளர்களும் 1974-இல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் அந்த விதி நம்மைச் சுமந்து வந்தது. 2005-ஐ ஒட்டி மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியாமல் போனது. அதன் பிறகுதான் வாட் கணக்கு லேப்டாப் வடிவமைப்பின் தலையாய கணக்கானது.

விசிறி உள்ள லேப்டாப்பில் தடிமன் முழு வீச்சில் கணக்குக்குள் வருகிறது. சிப்பின் மேல் ஒரு செப்புக் குழாய் படுத்திருக்கும், அதற்குள் துளி நீரும் குறைந்த அழுத்தமும். சிப்பின் பக்கம் நீர் ஆவியாகி, விசிறியின் பக்கம் போய்க் குளிர்ந்து திரும்ப நீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியாக மறுபடி சிப்புக்கே ஊறி வருகிறது. மின்சாரமோ பம்போ தேவைப்படாத அருமையான ஏற்பாடு. ஆனால் இடம் பற்றவில்லை என்று குழாயை நசுக்கித் தட்டையாக்க ஆக்க, ஆவி போகும் பாதை குறுகி, அது கடத்தும் வெப்பமும் குறைகிறது.

அடுத்தது காற்று. 30 வாட் வெப்பத்தை, காற்றின் சூட்டை 20 டிகிரி ஏற்றி வெளியே தள்ள வேண்டுமானால் நொடிக்குச் சுமார் ஒன்றேகால் லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவும் சில மில்லிமீட்டர் உயரமுள்ள இடைவெளிக்குள் நுழைந்து, நெருக்கமான தகடுகளுக்கு நடுவே போக வேண்டும். மெல்லிய விசிறி இதற்கு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். சுழலும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் ஏறும், அமைதியான அறையில் அது தாராளமாகத் தொந்தரவு தரும். கூடுதலாக நாலைந்து மில்லிமீட்டர் தடிமன் கிடைத்தால் அதே காற்றை நிதானமாகச் சுற்றியே தள்ளிவிடலாம். தடிமனான லேப்டாப்பின் உண்மையான வசதி என்று நான் கருதுவது இந்த அமைதியைத்தான். வேக ஒப்பீட்டு வரைபடங்களில் இது தென்படுவதே இல்லை.

கிராஃபிக்ஸ் கார்டு என்று வந்தால் கதை மாறுகிறது. விளையாட்டும், முப்பரிமாண வேலையும், இயந்திரக் கற்றல் பயிற்சியும் துள்ளி ஓயும் வேலைகள் அல்ல, மணிக்கணக்கில் முழுச் சுமையோடு ஓடுபவை. என்விடியாவின் லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு நிறுவனம் அனுமதிக்கும் மின்திறன் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. ஒரே பெயருக்குள் மும்மடங்குக்கு மேல் இடைவெளி. மெல்லிய உடலுக்குள் இருப்பது பெரும்பாலும் கீழ்ப்பக்கத்து எண்ணாக இருக்கும். ஆகவே கார்டின் பெயரைப் பார்த்த கையோடு வாட்டையும் தேடிப் பாருங்கள். அதைச் சொல்லாமல் விடும் விளம்பரத்தை நான் நம்பமாட்டேன்.

பேட்டரியும் எடையும் ஒன்றோடொன்று பின்னியவை. இன்றைய நல்ல லித்தியம் செல்கள் கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி தாங்கும். 50 வாட்-மணி பேட்டரி என்றால் செல்லுக்கு மட்டும் 200 கிராம். எழுதுவது, படிப்பது போன்ற வேலைகளில் மொத்தச் செலவு 5 வாட் என்றால் 10 மணி நேரம் ஓடும். அதே லேப்டாப்பை 40 வாட்டுக்கு விரட்டினால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. கனமான லேப்டாப் இதை ஈடுகட்டப் பெரிய பேட்டரி போடலாம், ஆனால் அதற்கும் உச்சவரம்பு உண்டு. விமானத்தில் தனி அனுமதியில்லாமல் எடுத்துச் செல்ல 100 வாட்-மணிதான் எல்லை என்பதால், பெரிய லேப்டாப்களும் 99-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. சார்ஜரையும் எடையில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். அதிக வாட் கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்புக்கு வரும் சார்ஜர் மட்டும் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். மெல்லியதற்கு உள்ளங்கையில் அடங்கும் யுஎஸ்பி-சி சார்ஜர் போதும், அதிலேயே போனையும் போட்டுக்கொள்ளலாம்.

எடை குறைக்க நடக்கும் மற்ற சமரசங்களில் இரண்டைச் சொன்னால் போதும். ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது, பாதித் தடிமன் ஆக்கினால் எட்டில் ஒரு பங்கு விறைப்புதான் மிஞ்சும். திரையின் மூலையைப் பிடித்துத் தூக்கினால் வளைகிறதா, கீபோர்டின் நடுவில் அழுத்தினால் குழிகிறதா என்று கையாலேயே பார்த்துவிடலாம். அலுமினியத்துக்குப் பதில் மெக்னீசியக் கலவையைப் பயன்படுத்துவது இதனால்தான். அதன் அடர்த்தி மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், அதே எடையில் தடிமனான தகடு போட முடிகிறது. இன்னொன்று ரேம். மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட வழியில்லை. ரேம் விஷயத்தில் மட்டும் இன்றைய தேவைக்கு ஒரு படி மேலே வாங்குங்கள். விசிறியைக் கூட்டியோ பொறுமையாகக் காத்திருந்தோ சரிசெய்ய முடியாத குறை அது.

அப்புறம் எதை எடுப்பது? உங்கள் வேலைகளிலேயே கனமானது எது, அது இடைவிடாமல் எத்தனை நிமிடம் ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் என்றால், தினமும் தூக்கிச் செல்பவர் மெல்லியதை எடுக்கத் தயங்க வேண்டாம். எழுத்து, படிப்பு, அலுவலக வேலை, பெரும்பாலான புரோகிராமிங் எல்லாம் இந்தப் பக்கம். வேலை அரை மணியைத் தாண்டி ஓடும், அதுவும் தினமும் ஓடும் என்றால், விசிறியும் கொஞ்சம் தடிமனும் வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டை நம்பி ஓடும் வேலை என்றால் மெல்லியது வேண்டவே வேண்டாம் என்பேன், லேப்டாப் மேஜையை விட்டு அதிகம் நகராதவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் வேலைகளிலேயே கனமானதை ஓடவிட்டு, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசரின் கிகாஹெர்ட்ஸ் எண்ணை முதல் நிமிடத்திலும் பதினைந்தாவது நிமிடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது, விசிறிச் சத்தம் உங்களுக்குப் பொறுக்கிறதா, கை வைக்கும் இடம் சுடுகிறதா என்று பாருங்கள். மேஜையில் வைத்து ஒரு தடவை, அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடாதபடி மடியில் வைத்து ஒரு தடவை. சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஒரு தடவை செய்யுங்கள், ஏனென்றால் பல லேப்டாப்கள் பேட்டரியில் ஓடும்போது வாட்டைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன.