வெட்டரன்: பழம்பெரும் பாடகரா, முதுபெரும் பாடகரா?

அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்கொண்ட ‘கன்ட்ரி’ இசையின் பாடகர் வில்லி நெல்சனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் அவரை ‘வெட்டரன்’ (veteran) பாடகர் என்பார்கள், நம் கையோ பழக்கத்தில் ‘பழம்பெரும் பாடகர்’ என்று எழுதிவிடும். எனக்கு அது உறுத்துகிறது, ஏனென்றால் செய்தித்தாளில் ‘பழம்பெரும்’ என்று தொடங்கும் தலைப்பு பெரும்பாலும் ‘காலமானார்’ என்றுதான் முடிகிறது.

வெட்டரனுக்கு மூலம் லத்தீன். ‘வெதுஸ்’ என்றால் பழைய, வயதான என்று பொருள், அதிலிருந்து வந்தது ‘வெதெரானுஸ்’: ரோமானியப் படையில் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து, நிலமோ பணமோ பெற்று ஓய்ந்த வீரன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வெதுஸின் வேருக்கு ஆண்டு என்று பொருள், நம் பஞ்சாங்கத்தில் வரும் சம்வத்சரத்தில் உள்ள ‘வத்சர’மும் அதே வேர்தான். ஆக, ஆண்டுகள் பல கண்டவர் என்பதே அடிப்படைப் பொருள், சாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு முதலில் தோன்றும் பொருள் முன்னாள் படைவீரர். நெல்சனுக்கு அதுவும் பொருந்தும்! 1933இல் டெக்சாஸ் மாநிலத்தின் அபட் என்ற சிற்றூரில் பிறந்தவர், 1950இல் விமானப்படையில் சேர்ந்து முதுகுவலியால் ஓராண்டுகூட ஆகாமல் வெளியே வந்தார். ஆனால் பாட்டில் அவர் வெட்டரன் ஆனது வேறு கணக்கு. 1969இல் வாங்கிய ‘ட்ரிகர்’ என்ற கிடாரை வாசித்து வாசித்தே அதன் மரத்தில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது, அதையே இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் இறந்துவிட்டதாக இணையத்தில் அடிக்கடி வதந்தி கிளம்பும். 2017இல் அதையே பாட்டாக்கினார்: இன்றைக்கும் சாகாமல் எழுந்துவிட்டேன், நான் போய்விட்டதாக இணையம் சொல்கிறது, அதை நம்பாதே என்று. அடுத்த ஆண்டு, 85 வயதைத் தொடும் நேரத்தில் வந்த பாடல் தொகுப்பில், மூச்சே இல்லாமல் போவதற்கு வாய் நாற்றமுள்ள மூச்சு எவ்வளவோ மேல் என்று பாடினார். அதே தொகுப்பின் தலைப்புப் பாடலில் போய்ச் சேர்ந்த நண்பர்களைப் பெயர் சொல்லி நினைக்கிறார். கடைசியாக நிற்கும் ஆளாக இருக்க எனக்கு ஆசையில்லை என்று தொடங்கி, பொறு, ஒருவேளை ஆசைதானோ என்று திரும்புகிறார். சிரிப்பு வருகிறது, கூடவே தொண்டையும் அடைக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பழ’ என்ற அடி பழைய பொருளுக்கும் போகும், கனிந்ததற்கும் போகும், ‘பழுத்த அனுபவம்’ அழகான தொடர்தான். ஆனால் ‘முது’ என்ற அடி முதிர்வை நேராகச் சொல்கிறது: மூத்தோர், முதுமொழி, முதுகலை. புறநானூற்றின் 243ஆம் பாடலில், குளத்தில் பாய்ந்து விளையாடிய இளமையை நினைத்து ஏங்கும் கிழவர், தடியூன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிற தன்னைப் ‘பெருமூதாளர்’ என்கிறார். முதுமையை உள்ளிருந்து சொன்ன சொல் அது, இன்னும் அதிகம் புழங்க வேண்டும் என்பது என் ஆசை.

படையில் இருந்தவருக்கு ‘முன்னாள் படைவீரர்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. விளையாட்டில் ‘மூத்தோர் தடகளம்’ என்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. இன்னும் மேடையேறுகிற கலைஞருக்கு ‘மூத்த’ போதும், நெல்சன் அளவுக்கு வயதும் பெயரும் சேர்ந்தால் ‘முதுபெரும்’ என்று போடலாம். அப்புறம், ‘கன்ட்ரி’யை ‘நாட்டுப்புற’ என்று மாற்றிவிட வேண்டாம், அது வேறோர் இசை வகைக்கு நாம் எப்போதோ கொடுத்துவிட்ட பெயர். ‘முதுபெரும் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன்’ என்றே எழுதலாம்.