மழையிலும் மார்கழியிலும் அடுப்படி: செய்முறை, அளவு, எச்சரிக்கை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மிளகு ரசம், சுக்கு மல்லிக் காபி, பொங்கல், உளுந்தங்களி, கடலை மிட்டாய் என்று வீட்டுக்கு வீடு பழைய பக்குவங்கள் அடுப்பேறுகின்றன. நல்ல பழக்கம்தான். ஆனால் உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம் விசாரிக்கும்போது இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. இந்த உணவுகளை மருந்தென்று நம்பி அளவில்லாமல் கொடுக்கிறார்கள். குளிர்காலம்தானே என்று சமைத்ததை நாள் முழுக்க வெளியிலேயே வைத்திருக்கிறார்கள்.

சளி, தும்மல், தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஒரு வாரம், பத்து நாளில் தாமாக அடங்கும். ரசமோ கஷாயமோ வைரஸைக் கொல்வதில்லை. சூடான நீராகாரம் தொண்டைக்கு இதம் தரும், மூக்கடைப்பு சற்றே இளகும், குளிரில் தாகமே எடுக்காமல் போகிறவர்களுக்கு நீர்ச்சத்து சேரும், வாய் கசந்து சாப்பாட்டை ஒதுக்குகிறவர்களை நாலு வாய் சாப்பிட வைக்கும். இவ்வளவும் உண்மையான பலன். இதற்கு மேல் எதிர்பார்த்து மருத்துவரைப் பார்க்கத் தாமதிப்பதுதான் ஆபத்து.

மிளகு ரசம்

மூன்று டம்ளர் ரசத்துக்கு: மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, துவரம்பருப்பு ஒரு தேக்கரண்டி (கால் மணி நேரம் ஊறியது), பூண்டு ஆறு பல், கறிவேப்பிலை ஒரு இணுக்கு. இவற்றைக் கொரகொரப்பாகத் தட்டிக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் அளவு புளியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒரு தக்காளியைப் பிசைந்துவிட்டு, மஞ்சள்தூள், உப்புப் போட்டுப் பச்சை வாசனை போகும்வரை ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகுதான் தட்டிய பொடியும் இரண்டு டம்ளர் தண்ணீரும் சேர வேண்டும். தீயைக் குறைத்து, ஓரத்தில் நுரை கட்டி எழும்பும்போதே இறக்கி மூடிவிடுங்கள். நெய்யில் கடுகு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

ரசம் கெடுவது பெரும்பாலும் வரிசை மாறுவதால். பொடியைப் புளித்தண்ணீரோடு சேர்த்தே கொதிக்கவிட்டால் மிளகு, சீரகத்தின் மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடும். மிளகின் காரம் எங்கும் போகாது. அதனால்தான் கொதித்துப்போன ரசம் மணமில்லாமல் காந்தலாக, கஷாயம்போல் இருக்கிறது. மறுபடி சுட வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

உப்பையும் கவனியுங்கள். மூன்று டம்ளர் ரசத்தில் ஒரு தேக்கரண்டி உப்பு விழுந்தால் அது ஐந்து கிராமுக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராமுக்கும் கீழ். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சளிக்கு நல்லது என்று ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடிக்கும்போது உப்பும் கூடவே போகிறது. அவர்களுக்கு அரைத் தேக்கரண்டி போதும். மிளகும் புளியும் குறையை மறைத்துவிடும்.

ஈயச் சொம்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரசத்துக்கு உரியது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் புளியின் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் சேர்க்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. சொம்பின் தரம் உறுதியாகத் தெரியாவிட்டால் எவர்சில்வர் பாத்திரமே போதும். மணம் குறைகிறதே என்று வருந்தினால் தாளிப்பில் அரைத் தேக்கரண்டி நெய்யைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சுக்கு மல்லிக் காபி, பால், தேன்

‘சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு’ என்பார்கள். சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். கடையில் வெள்ளை வெளேரென்று கிடைக்கும் சுக்கில் சுண்ணாம்புப் பூச்சும் இருக்கும் என்பதால் சீவுவது இன்னும் அவசியம். சீவிய சுக்கு 50 கிராம், கொத்தமல்லி விதை 100 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் ஆறு. மழை நாளில் வெயில் கிடைக்காது. மல்லியை வெறும் வாணலியில் சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். சுக்கை அம்மியிலோ உரலிலோ உடைத்த பிறகே மிக்ஸியில் போடுங்கள். முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். பொடி சூடு ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் அடைத்தால் ஒரு மாதத்துக்கு மணம் குறையாது.

ஒரு ஆளுக்கு ஒன்றேகால் டம்ளர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடி, பத்துப் பதினைந்து கிராம் கருப்பட்டி. ஒரு டம்ளராகச் சுண்டியதும் இறக்கி, அடியில் மண் தங்கும்வரை ஒரு நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் போதும். நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தினமும் குடிப்பதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு இந்தக் காபியும் ரசமும் அந்த அளவுக்குள்தான் அடங்கும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இஞ்சி டீ போடும்போது பால் திரிகிறதா? பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. இஞ்சியை முதலில் தண்ணீரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழக்கும், பிறகு பால் ஊற்றலாம். வெல்லமும் கருப்பட்டியும் பாலைத் திரிக்கும். அவற்றைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, பாலை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய பின் கலக்க வேண்டும்.

மஞ்சள் பாலுக்கு ஒரு டம்ளருக்குக் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் இரண்டு சிட்டிகை மிளகுத்தூளும் போதும். மஞ்சளைப் பாலோடு சேர்த்தே இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் பச்சை வாடை இருக்காது. பால் சளியைக் கூட்டும் என்ற பயத்தில் குழந்தைகளுக்குப் பாலையே நிறுத்திவிடுகிறார்கள். பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாக உணர வைக்கும், அவ்வளவுதான். பிடித்துக் குடிக்கிற குழந்தைக்கு நிறுத்தத் தேவையில்லை.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. நாக்கில் தடவுவதும் கூடாது, பாலிலோ கஷாயத்திலோ கலப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். வீட்டில் கொதிக்க வைப்பதால் அந்த வித்துகள் சாவதில்லை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டித் தேன் இதம் தரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், ஓமத் தண்ணீர் உட்பட, கொடுக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் டெங்குக் காலமும்கூட. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரசமும் கஞ்சியும் கொடுத்தபடியே ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சல் விட்டதும் வயிறு கடுமையாக வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், சிறுநீர் குறைந்து உடல் சோர்ந்து துவண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அபாயமான நேரம். குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

பொங்கலும் ஹாட்பேக்கும்

நாலு பேருக்கு வெண்பொங்கல்: பச்சரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் ஐந்து டம்ளர். பருப்பைச் சிவக்கவிடாமல் மணம் வரும்வரை வறுத்து, அரிசியோடு கழுவி, உப்புச் சேர்த்து குக்கரில் நாலைந்து விசில். இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் ஒன்றிரண்டாக உடைத்த மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய இஞ்சி, முந்திரி, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கிளறுங்கள். முழு மிளகு போட்டால் பொறுக்கி ஓரம் வைத்துவிடுவார்கள். ஆறியதும் பொங்கல் கட்டியாவது மாவுச்சத்து இறுகுவதால். அப்போது நெய்யைக் கொட்டாதீர்கள். அரை டம்ளர் கொதிநீர் விட்டுக் கிளறினால் இளகிவிடும்.

இனி முக்கியமான விஷயம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். வேகவைத்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடுகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் அழியாது. காலையில் வைத்த பொங்கலைச் சாயங்காலம் சூடு பண்ணிச் சாப்பிட்டு இரவெல்லாம் வாந்தி எடுப்பதற்கு இது முக்கியக் காரணம்.

‘குளிராகத்தானே இருக்கிறது’ என்ற எண்ணம் இங்கேதான் காலை வாரிவிடுகிறது. சென்னையில் டிசம்பர் பகலில் வெப்பம் 28, 29 டிகிரியைத் தொடும், இரவிலும் 20 டிகிரிக்கு மேல்தான். நமக்குக் குளிர். கிருமிக்கு அது வசதியான வெப்பம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் சமைத்த உணவு எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதே கணக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, சிறு டப்பாக்களில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். குக்கரோடு அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி ஆறவே பல மணி நேரமாகும். மறுநாள் எடுத்து ஒரே ஒரு முறை, ஆவி பறக்கச் சுட வைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

ஹாட்பேக் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்பதாலேயே பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். மதியத்துக்குள் உள்ளே 40, 45 டிகிரிக்கு இறங்கி அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டால் அதைவிட மோசமான சூடு இல்லை. பள்ளிக்குக் கொடுத்தனுப்பும்போது கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் டப்பாவைச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற பொங்கலை நிரப்பி மூடுங்கள். மிஞ்சி வந்ததைக் கொட்டிவிடுங்கள்.

உளுந்தங்களி

தென் மாவட்டங்களின் பக்குவம். தோலுள்ள கறுப்பு உளுந்து ஒரு டம்ளருக்குக் கால் டம்ளர் பச்சரிசி. இரண்டையும் தனித்தனியாக வறுத்து அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் மாவுக்குத் தட்டிய கருப்பட்டி ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டரை டம்ளர், நல்லெண்ணெய் கால் டம்ளர். ஒரு டம்ளர் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டுங்கள். மீதித் தண்ணீரைக் குளிர்ந்தபடியே மாவில் விட்டுக் கரைத்து, இரண்டையும் சேர்த்துச் சிறு தீயில் கிண்டத் தொடங்குங்கள். கொதிக்கிற பாகில் மாவைக் கொட்டினால் மாவின் வெளிப்புறம் உடனே வெந்து ஒட்டிக்கொண்டு உள்ளே வேகாத மாவு கட்டியாக நிற்கும். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பதினைந்து நிமிடம் கைவிடாமல் கிண்டினால் எண்ணெய் பிரிந்து வரும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுவே பதம்.

கடலை மிட்டாய், எள்ளுருண்டை

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மொறுமொறுப்பை வீட்டில் கொண்டுவருவது பாகின் பதத்தைப் பொறுத்தது. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 250 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் கால் டம்ளர், சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி மறுபடி அடுப்பேற்றுங்கள். பாகு நுரைத்து, நிறம் அடர்ந்து, குமிழி மெதுவாகும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பாருங்கள். உருட்ட வந்தால் போதாது. எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஒலிக்க வேண்டும், ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். அதற்கு முன்பே கடலையைக் கொட்டுவதால்தான் மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வெல்லம் இழுத்துக்கொள்ளும் என்பதால் பதத்தை அவசரப்பட்டு முடிக்கவே கூடாது. நெய் தடவிய தட்டைச் சற்றுச் சூடாக்கி வைத்திருங்கள். குளிரில் பாகு சட்டென்று இறுகி, பரப்ப நேரம் தராது. சூட்டோடு பரப்பிக் கீறல் போட்டு, ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள்.

கடலை வாங்கும்போது கண் வேண்டும். ஈரத்தில் கிடந்த கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோய்க்கும் காரணமாவது. வறுத்தால் அது முழுதாகப் போவதில்லை. சுருங்கியது, கறுத்தது, பூசணம் படிந்தது, வாயில் போட்டால் கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். ஒரு பாக்கெட்டில் நிறைய கசந்தால் பாக்கெட்டையே எறியுங்கள். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியது. அவர்களுக்குக் கடலையை மாவாகப் பொடித்து வெல்லத்தோடு மெத்தென்று பிடித்துக் கொடுங்கள்.

எள்ளுருண்டைக்குப் பாகே வேண்டாம். கறுப்பு எள் ஒரு டம்ளரைக் கழுவி மண் நீக்கி வடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறு தீயில் வறுங்கள். படபடவென்று வெடித்து ஓய்ந்ததும் உடனே தட்டில் கொட்டுங்கள். வாணலியிலேயே விட்டால் கருகிக் கசக்கும். ஆறியதும் முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம், ஏலக்காயோடு மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிச் சேறாகிவிடும். இளைத்தவனுக்கு எள்ளு என்பது சரிதான். எலுமிச்சையளவு உருண்டை ஒன்றே நூறு கலோரிக்கு மேல் தரும். எடை ஏறாத குழந்தைக்கு தினம் ஒன்று நல்ல தின்பண்டம்.

சர்க்கரை நோயாளிகள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: கருப்பட்டி ஆகுமா? ஆகாது. கருப்பட்டி, வெல்லம், பனங்கற்கண்டு மூன்றும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை. கலோரியும் வெள்ளைச் சர்க்கரைக்குக் கிட்டத்தட்ட சமம். அவர்கள் சுக்கு மல்லிக் காபியை இனிப்பில்லாமல் ஏலக்காய் கூட்டிக் குடிக்கலாம். உளுந்து மாவை மோரில் கரைத்து உப்புக் கஞ்சியாகக் காய்ச்சலாம். கொள்ளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்த நீரில் ரசம் வைத்து, பருப்பைத் தாளித்துச் சுண்டலாக்கலாம். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாத நாளில் இன்சுலின், மாத்திரை அளவைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டு மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்க வேண்டும்.