பிளஸ் டூவில் மார்க் குறைவு, படிக்க ஆசை சட்டம்: மதிப்பெண் எங்கே பேசும், எங்கே பேசாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், 600-க்கு 330, 380 என்று வாங்கிய பிள்ளைகளின் வீட்டில் ஒரு முடிவு அவசரமாக எடுக்கப்பட்டுவிடுகிறது. "இந்த மார்க்குக்கு லா எல்லாம் கிடைக்காது, பக்கத்துக் காலேஜில் ஏதாவது ஒரு டிகிரியில் சேர்த்துவிடுவோம்." இதில் பாதிதான் உண்மை. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒன்றில் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். இன்னொன்றில் அது ஒரு கோட்டைத் தாண்டியிருந்தால் போதும், அதன்பின் 46 சதவீதமும் 96 சதவீதமும் ஒன்றே. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆசையைக் கைவிட்ட பிள்ளைகள் ஏராளம்.

முதல் வழி, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் சேர்க்கை. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. பல்கலைக்கழக வளாகத்திலேயே இயங்கும் சீர்மிகு சட்டப்பள்ளிக்கு விண்ணப்பிக்கவே கூடுதல் சதவீதம் வேண்டும், போட்டியும் அங்கேதான் கடுமை. ஆனால் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருப்பதால் மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, வேலூர், விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், தேனி, சேலம், நாமக்கல் என்று பரவியிருக்கும் அரசு சட்டக் கல்லூரிகளைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. கல்லூரிக்குக் கல்லூரி கட்-ஆஃப் மாறும். அதே கல்லூரியில் பிரிவுக்குப் பிரிவும் மாறும். பொதுப்பிரிவு 31 சதவீதம் போக, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (இதற்குள் அருந்ததியர் 3), பழங்குடியினர் 1 என்று இடங்கள் பிரிகின்றன. பொதுப்பிரிவு கட்-ஆஃபை மட்டும் பார்த்துவிட்டு "நமக்கு இல்லை" என்று விட்டுவிடக் கூடாது.

6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்குத்தான் அது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டப் படிப்புக்கும் அது பொருந்தும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டியிருக்கும் என்பதால், விண்ணப்பம் தொடங்கும்வரை காத்திருக்காமல் தலைமையாசிரியரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள்.

இரண்டாவது வழி கிளாட். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், பெங்களூரு, ஹைதராபாத் என்று நாடு முழுக்க உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஐலெட் என்று தனித் தேர்வு வைக்கிறது. கிளாட் தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. தகுதிக்கு மட்டும் 45 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40. தமிழ்நாடு போர்டில் இது 600-க்கு 270, அல்லது 240.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் 35 வாங்கி ஆறையும் பாஸ் செய்தவரின் மொத்தம் 210. பாஸ்தான், ஆனால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குத் தகுதி இல்லை. 268, 269-ல் நிற்பவர்கள் "ரவுண்ட் பண்ணிக்குவாங்க" என்று நம்பித் தேர்வுக் கட்டணம் கட்டிவிடாதீர்கள். நல்ல ரேங்க் வாங்கியும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோவது தாங்க முடியாத இழப்பு.

அடுத்தது காலம். கிளாட் இப்போது டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கிறது, விண்ணப்பம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. மே மாதம் ரிசல்ட் பார்த்துவிட்டு விசாரிக்கத் தொடங்கினால், அந்த ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்வு முந்தைய டிசம்பரிலேயே முடிந்திருக்கும். அடுத்த டிசம்பரில் எழுதி, அதற்கடுத்த கல்வியாண்டில்தான் சேர முடியும். இளநிலைக் கிளாட்டுக்கு வயது உச்சவரம்பு இல்லை என்பதால் ஓர் ஆண்டு விட்டு எழுதலாம். சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதுபவர்களும் உண்டு. அப்படிச் சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் விட்டுவைக்காதீர்கள். சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்திருக்கிறது.

இனி தேர்வு. 2 மணி நேரம், 120 கேள்வி, 120 மதிப்பெண், ஓஎம்ஆர் தாள். தவறான விடைக்கு 0.25 கழியும். நடப்பு நிகழ்வும் சட்டத் தர்க்கமும் தலா 28 முதல் 32 கேள்விகள். ஆங்கிலமும் தர்க்கமும் தலா 22 முதல் 26. கணக்கு 10 முதல் 14 மட்டுமே, அதுவும் பத்தாம் வகுப்பு அளவில். கணக்கில் சறுக்கியதால் பிளஸ் டூ மொத்தம் விழுந்த பிள்ளைக்கு இந்தப் பங்கீடு பெரிய ஆறுதல். ஆனால் வேறொரு சுமை காத்திருக்கிறது. கணக்கைத் தவிர மற்றவை பெரும்பாலும் 450 சொல் அளவுள்ள பத்திகளிலிருந்து வருகின்றன. இருபதுக்கு மேற்பட்ட பத்திகள் என்றால் கிட்டத்தட்ட 10,000 சொற்கள், முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்த மாணவர்கள் தடுமாறுவது சட்டத்தில் அல்ல, இந்த வாசிப்பு வேகத்தில்தான். தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைக் கடிகாரம் வைத்துப் படியுங்கள். முதல் மாதம் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. தெரியாத சொல்லுக்கு அகராதியைத் திறப்பது, தலையங்கத்தைப் படித்து முடித்த பின்புதான். ஆறேழு மாதம் விடாமல் செய்தால் வேகம் மாறும். இதை ஈடுகட்ட எந்தக் கோச்சிங் வகுப்பாலும் முடியாது.

சட்டத் தர்க்கத்துக்கு முன்கூட்டிய சட்ட அறிவு தேவையில்லை. தேவைப்படுவது, கொடுத்த விதியை விட்டு நகராத மனது. ஒரு கேள்வியை அருகில் வைத்துப் பார்ப்போம். விதி: ஏற்பு தெரிவிக்கப்படும் முன் முன்மொழிவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நிகழ்வு: மணி தன் பைக்கை 40,000 ரூபாய்க்குத் தருவதாகச் செல்வியிடம் சொல்கிறார், வெள்ளிக்கிழமை வரை யோசிக்கச் சொல்கிறார், அதற்காகப் பணம் எதுவும் வாங்கவில்லை. புதன்கிழமை வேறொருவருக்கு விற்றுவிட்டு, செல்விக்கும் போன் செய்து சொல்லிவிடுகிறார். வியாழக்கிழமை செல்வி "எனக்குச் சம்மதம்" என்கிறார். ஒப்பந்தம் உண்டா? "வெள்ளி வரை டைம் கொடுத்தாரே, வாக்கு மாறலாமா?" என்று மனசு கேட்கும். அந்தக் குரலைக் கேட்டு விடை குறித்தவர் மதிப்பெண்ணை இழப்பார். விதி பார்ப்பது ஒன்றைத்தான்: எது முதலில் போய்ச் சேர்ந்தது? திரும்பப் பெற்ற செய்தி புதன்கிழமை, ஏற்பு வியாழக்கிழமை. ஒப்பந்தம் இல்லை. மாதிரித் தேர்வில் இந்தப் பகுதியில் தவறியவற்றை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் "விதியை மீறி எதை நினைத்தேன்" என்று குறித்து வையுங்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது சில வாரங்களில் தெரிந்துவிடும். மொத்த மதிப்பெண் சமமானால் முதலில் பார்ப்பதும் இந்தப் பகுதியின் மதிப்பெண்ணைத்தான். அதன்பின் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை.

நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து 20 கேள்விகளை வெறுமனே விட்டுவருபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் தரப்படும். ஒன்றுமே தெரியாத 16 கேள்விகளைக் குருட்டாம்போக்கில் குறித்தால், சராசரியாக 4 சரி, 12 தவறு. 4-இல் 3 போக மிச்சம் 1. இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் 8 சரி, 8 தவறு, 2 போக மிச்சம் 6. ஆக, இரண்டை நீக்க முடிந்த எந்தக் கேள்வியையும் விடாதீர்கள்.

தேர்வை நன்றாக எழுதிவிட்டு விண்ணப்பத்தில் கோட்டை விடுபவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருச்சிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென இடங்கள் உண்டு. அகில இந்தியப் பிரிவைவிட மிகப் பின்னால் உள்ள ரேங்குக்கும் அவை கிடைக்கும். விண்ணப்பப் படிவத்திலேயே மாநில ஒதுக்கீட்டையும் சாதிப் பிரிவையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கான கெடு முடிந்தபின் மாற்ற வழியில்லை. மாநில ஒதுக்கீட்டுக்கு நம் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் செல்லும். வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓபிசி இடம் கேட்பவர்களுக்கு அது போதாது. கிரீமிலேயரில் (வசதி மிகுந்த, ஓபிசி ஒதுக்கீடு கிடைக்காத பிரிவு) வரவில்லை என்று குறிப்பிடும், மத்திய அரசு வடிவத்திலான ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கைக்கு வர நாளாகும், டிசம்பருக்குள் வாங்கிவிடுங்கள்.

கவுன்சலிங்கில் பணம் முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். 2025 சேர்க்கையில் பதிவுக்கு மட்டும் பொதுப்பிரிவுக்கு 30,000, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000 ரூபாய் கேட்டார்கள். இடம் ஒதுக்கியதும் சில நாள் கெடுவுக்குள் உறுதிக் கட்டணம். வங்கிக் கடன் அந்த வேகத்தில் வராது. ஆண்டுக் கட்டணம் பல இடங்களில் 2 லட்சத்தைத் தாண்டும் என்பதையும் குடும்பத்தோடு முதலிலேயே பேசிவிடுங்கள். முன்னுரிமைப் பட்டியலில் பெரிய பெயர்கள் ஐந்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கடந்த 3 ஆண்டுகளின் ஒதுக்கீட்டுப் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் பிரிவில் கடைசி ரேங்க் எது என்று பார்த்து, சேரச் சம்மதமான எல்லா இடங்களையும் உண்மையான விருப்ப வரிசையில் போடுங்கள். இடம் கிடைத்தபின் ஃப்ரீஸ் (இதுவே போதும்) கொடுத்தால் அதோடு முடிந்தது. ஃப்ளோட் கொடுத்தால் அடுத்த சுற்றில் மேலே உள்ள விருப்பம் கிடைக்கலாம், ஆனால் கிடைத்தபின் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. இரண்டும் கொடுக்காமல் கெடுவைத் தவறவிட்டால் வெளியேறியதாகவே பொருள். "கிளாட் சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கிளாட் ரேங்குக்கான இடம் அந்தக் கவுன்சலிங் தளத்தில்தான் ஒதுக்கப்படுகிறது.

270-ஐ எட்டாதவர்களுக்கும் சட்டம் முடிந்துபோகவில்லை. மூன்றாண்டுப் பட்டம் முடித்து, அதில் 45 சதவீதத்தை எட்டி, மூன்றாண்டு எல்.எல்.பி.க்குப் போகலாம். அரசு சட்டக் கல்லூரிகளில் அது உண்டு, பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியிலும் தனி நுழைவுத் தேர்வோடு உண்டு. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை உடையக் கூடாது. பிளஸ் டூ முடித்துத் தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியவர் சேரலாம். பிளஸ் டூவே இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவரை, சட்டக் கல்விக்கு விதி வகுக்கும் இந்தியப் பார் கவுன்சிலின் 2008 விதிகள் ஏற்பதில்லை. அப்படி ஒரு பட்டம் கையில் இருந்தால், சட்டக் கல்லூரி விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்தில் சான்றிதழ்களைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.